ஈசான மூலைக் கல்

என் அண்ணன் முருகையா, வேலை பேசப் போகும் வீட்டில் கையெழுத்து ஆகும் வரைக்கும் தேத்தண்ணி குடிக்க மாட்டார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஆள், நீட்டிய கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்தால் வீட்டுக்காரிக்கு எப்படி இருக்கும்? முகம் சுருங்கிவிடும். அண்ணன் அதற்கெல்லாம் அசைய மாட்டார்.

"ஒரு வாய் குடிச்சிட்டா அப்புறம் சூராட் எழுதுன்னு கேக்க வாய் வராது, செல்லம்," என்பார் என்னிடம்.

சூராட் என்றால் எங்கள் பேச்சில் எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம். எதுவரை தோண்டுவது, கல்லும் சிமெண்டும் யார் வாங்குவது, வேலை முடிந்த பிறகு யாராவது கீழ்ப்பக்கம் மண்ணை வெட்டினால் யார் பொறுப்பு, எல்லாம் அதில் இருக்கும். கையெழுத்து ஆனதும், ஆறிப்போய் ஆடை கட்டிய அதே தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடிப்பார். சூடு பண்ணித் தருகிறோம் என்றாலும் விடமாட்டார்.

அவருடைய தொழில் அஸ்திவாரம் போடுவது. காண்ட்ராக்டர் என்று சொன்னால் பெரிய ஆளாகத் தெரியும். சொந்தமாக ஒரு மோட்டார் கூடக் கிடையாது. கடப்பாரை, மண்வெட்டி, வேலைக்கு நாலு ஆள், அவ்வளவுதான். அதற்கு முன்னால் தோட்டத்தில் ரோடு வேலை செய்தார். அண்ணி சீக்கிரமே போய்விட்டாள், பிள்ளை இல்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டு வந்தவர், தானா ராத்தா டவுனில் என் வீட்டுப் பின்னறையில் தங்கிக்கொண்டார். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட். மச்சானுக்கு ஒரு கட்டில் போடுவது அவருக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. சட்டையிலிருந்து சிவப்பு மண்ணைப் போக்குவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

காகிதப் பைத்தியம் அவருக்குச் சும்மா பிடிக்கவில்லை. ஆரம்பத்தில் ஒரு கடைக்காரருக்கு வாய்ப் பேச்சிலேயே அஸ்திவாரம் போட்டுக் கொடுத்தார். பிறகு அந்த ஆள் வண்டி நிறுத்துவதற்காகக் கீழ்ச்சரிவைத் தானே வெட்டினார். மேலே சுவர் சாய்ந்தது. "நீ போட்டது சரியில்லை" என்றார். எதைக் காட்டி மறுப்பது? அண்ணன் மறுபடியும் எல்லாவற்றையும் தோண்டி, கூலி இல்லாமல் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பழக்கம்.

அதற்கப்புறம் அவர் போட்ட ஒரு வீடும் அசைந்ததில்லை. தள்ளி இருக்கிற கம்போங் ராஜாவிலிருந்து கூட ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். "முருகையா போட்டா எறங்காது" என்று ஒரு பேச்சு இருந்தது. அவருக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான். அந்தப் பேச்சு எப்படிப் போனது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாகரத்தினம் மாமா, அண்ணனோடு ஒரே லயத்தில் வளர்ந்தவர். தேயிலை பேக்டரியில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர். எழுபத்தேழில் வேலையிலிருந்து ஓய்வு பெறும் நேரம் வந்தது. வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும், அதுதான் தோட்டத்துச் சட்டம். ஐம்பது வருஷம் தூசி தின்றவனாக இருந்தாலும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். மாமா அதற்கு முன்பே யோசித்து, ரோட்டோரச் சரிவில் ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டிருந்தார். அஸ்திவாரத்துக்கு அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன், தோட்டத்து ஆபிஸில் கணக்கு எழுதும் கிராணி லியோனார்டையும் கூடவே கூட்டிக்கொண்டு போனார். சூராட் எழுதுவதற்குத்தான்.

"என்ன மச்சான், எனக்குமா சூராட்?" என்றார் மாமா. "ஒரே லயத்துல மூக்கு ஒழுகிட்டுத் திரிஞ்சவங்க நாம."

"அதனாலதான் கேக்குறேன். வெளியாளா இருந்தா சண்ட போட்டுட்டு வந்துருவேன். ஒங்கிட்ட சண்ட போட்டா அப்புறம் நான் பேசறதுக்கு யாரு இருக்கா?"

மாமா சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தில் ஒரு வரி உண்டு: "எல்லா மூலைகளிலும் கெட்டி மண் வரும்வரை தோண்ட வேண்டும். ஆழத்துக்குக் காண்ட்ராக்டரே பொறுப்பு." அதை எழுதச் சொன்னது மாமா இல்லை. அண்ணனேதான். எல்லா வீட்டுக்கும் அந்த வரியை எழுதச் சொல்லுவார். அவருக்கு அதில் ஒரு கர்வம்.

நிலத்தில் மூன்று மூலையும் நல்ல மண். ஈசான மூலை மட்டும் மோசம். முன்பு ரோடு வெட்டியபோது அள்ளிய மண்ணை அங்கேதான் கொட்டியிருக்கிறார்கள். மேலே புல் முளைத்துப் பார்க்க அழகாக இருக்கும், கடப்பாரையைக் குத்தினால் களியில் கரண்டி விட்டது போல இறங்கும். அண்ணன் அங்கே தோண்டிக்கொண்டே போனார். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. கோயில் பண்டாரம் பூஜைக்குக் குறித்துக் கொடுத்த நாளும் வந்துவிட்டது. முதல் கல்லை ஈசான மூலையில்தான் வைக்க வேண்டும். குழியோ இன்னும் பாதியில் நிற்கிறது.

"கல்ல இப்ப வச்சிரலாம்," என்று அண்ணன் மாமாவிடம் சொன்னார். "பூஜ முடியட்டும். நாளைக்கி எடுத்து ஓரமா வச்சிட்டு மேக்கொண்டு தோண்டிக்கறேன்." மாமா தலையை ஆட்டினார். வீட்டுக்காரியிடம் அதைச் சொல்லவில்லை. இந்த ஆம்பிளைகள் தலையாட்டுவதோடு சரி.

பூஜை நன்றாகத்தான் நடந்தது. நான்தான் பொங்கல் வைத்தேன், ஈர விறகோடு மல்லுக்கட்டி. மாமாவின் மனைவி சரோஜா அக்கா, தன் மூக்குத்தியையே கழற்றிக் குழியில் போட்டாள். நவதானியம், பால், மஞ்சள், அதன் மேல் கல். அவளுக்கு ஒரே மகள், இந்திராணி. மகளுடைய முதல் பிள்ளை வயிற்றிலேயே போனது. இப்போது மறுபடியும் முழுகாமல் இருந்தாள். அக்கா அந்தக் கல்லின் முன்னால் விழுந்து கும்பிட்டது வீட்டுக்காக இல்லை, அந்தப் பிள்ளைக்காகத்தான். பார்த்துக்கொண்டிருந்த நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் அண்ணன் கல்லுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து, கல்லுக்குப் பூ வைக்க அக்கா வந்து நின்றாள். பொங்கல் பானையை எடுத்துப் போக நானும் போயிருந்தேன்.

"அண்ணே, கைய எடுங்க."

"இல்ல தங்கச்சி, மண்ணு பொதபொதன்னு கெடக்கு. இன்னும் கீழ போவணும்."

"பூஜ போட்ட கல்லு அது. எம்மக வயித்துல புள்ள இருக்கு. போன தடவ என்னா ஆச்சின்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"எடுத்துட்டு அதே எடத்துல திருப்பி வச்சிருவேன்மா. ஒரு கொறையும் வராது."

"வந்தா ஒங்க சூராட்ல எழுதிக் குடுப்பீங்களா?"

அண்ணன் மாமாவைப் பார்த்தார். மாமா குழியைப் பார்த்தார். பிறகு மெல்ல, "இந்த மூலைக்கி மட்டும் அகலமா கம்பி கட்டிப் போட்டா நிக்காதா மச்சான்?" என்றார்.

"நிக்கலாம். நிக்காமயும் போவலாம்."

"நீ போட்டா நிக்கும்லா."

"நான் என்னா, கீழ போயி தோள் குடுத்தா நிக்கப்போறேன்?"

பிள்ளை பிறக்கும் வரை பொறுக்கலாமே என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். அதற்கு மாமா பொறுக்க முடியாது. லயத்து வீட்டுக்கு வேறு குடும்பத்தை மானேஜர் குறித்தாகிவிட்டது. கடைசியில் அண்ணன் கடப்பாரையை உருவிக்கொண்டார். ஆனால் நேராக லியோனார்டிடம் போய், காகிதத்தில் சேர்க்க ஒரு துண்டுத் தாள் எழுதச் சொன்னார். வீட்டுக்காரர் சொன்னதால் ஈசான மூலையில் கெட்டி மண் வரைக்கும் தோண்டவில்லை என்று.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அண்ணனும் லியோனார்டும் லயத்துக்குப் போனபோது, இந்திராணிக்கு ஊறுகாய் கொடுக்க நானும் கூடப் போனேன். அவள் உள்ளே படுத்திருந்தாள். அக்கா இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணியோடு வந்து அண்ணன் முன்னால் நின்றாள்.

"அன்னிக்கி கோவத்துல பேசிட்டேண்ணே. கூடப் பொறந்தவரா இருந்தா இத குடிங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன், வேண்டாமென்று. அவர் வாங்கிக் குடித்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். அத்தனை வருஷத்தில் கையெழுத்துக்கு முன்னால் அவர் குடித்த ஒரே தேத்தண்ணி அதுதான்.

லியோனார்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். "வடகிழக்கு மூலை பிற்காலத்தில் இறங்கினாலோ, சுவர் பிளந்தாலோ..."

"நிறுத்துங்க கிராணியாரே," என்றாள் அக்கா. "இன்னும் ஒரு கல்லுகூட மேல ஏறல. அதுக்குள்ள எறங்கும், பொளக்கும்னு எழுதியாச்சா? புள்ளக்காரி படுத்திருக்கற வீட்டுல வாசிக்கிற வார்த்தையா இது?"

"இது சும்மா ஒரு கண்டிஷன்மா. நடக்கும்னு அர்த்தம் இல்ல."

"நடக்காததுன்னா எதுக்கு எழுதணும்?"

படித்த மனுஷன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏக்கா, பேக்டரியில மணல் வாளி தொங்குதே, தீ புடிக்கணும்னா தொங்க விட்டிருக்காங்க?"

"செல்லம், நீ ஊறுகா குடுக்க வந்தியா, வக்கீல் வேல பாக்க வந்தியா?"

உள்ளேயிருந்து இந்திராணி, "என்னம்மா பொளக்குது?" என்று பயந்த குரலில் கேட்டாள். மாமா அண்ணனின் தோளில் கை வைத்தார்.

"வேணாம் மச்சான். என்னா நடந்திச்சின்னு ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அது போதாதா?"

அண்ணன் காலிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லியோனார்டிடம் கையை நீட்டித் தாளை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் அடுப்பில் போட்டுவிட்டார்.

"அந்தத் தேத்தண்ணிய எதுக்குக் குடிச்சே?" என்று கேட்டேன்.

"கூடப் பொறந்தவருன்னு சொல்லிக் குடுக்குது. எப்படிம்மா வேணாங்கறது?"

"நான்தான் கூடப் பொறந்தவ. நான் வேணாம்னு சொன்னேன்ல?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மூலைக்கு அவர் செய்தது கொஞ்சம் இல்லை. கல்லைச் சுற்றி அகலமாகத் தோண்டிக் கம்பி கட்டினார். வேறெந்த வீட்டுக்கும் போடாத அளவு கல் போட்டார். வீடு எழும்பியது. இந்திராணிக்கு நல்லபடியாக ஆண் பிள்ளை பிறந்தது. வெள்ளையாய், கொழுகொழுவென்று இருந்தான். "கல்லு காப்பாத்திச்சு" என்று அக்கா ஊரெல்லாம் சொன்னாள். நான் மறுத்துப் பேசவில்லை. பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கிறவளிடம் மண்ணைப் பற்றி எதைப் பேசுவது? கிருகப்பிரவேசத்தில் அண்ணனுக்கு வேட்டியும் தட்டும் வைத்து மரியாதை செய்தார்கள். அவர் அந்த மூலைப் பக்கமே பார்த்துக்கொண்டு பாயசம் குடித்தார்.

மூன்றாம் வருஷ மழையில் மூலை இறங்கியது. ஜன்னலின் கீழ் முனையில் தொடங்கித் தரை வரைக்கும் ஒரு பிளவு. முதலில் தீக்குச்சி நுழைந்தது, தைப்பூசம் வருவதற்குள் விரல் நுழைந்தது. ஆட்கள் திருவிழாவுக்குப் போவது போலப் போய்ப் பார்த்தார்கள். போகிற ஒவ்வொருவனும் விரலை விட்டுப் பார்ப்பான். "முருகையா போட்டதா? முருகையாவே போட்டதா?" என்று கேட்டுவிட்டு வருவான்.

மாமா காகிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"ஆழத்துக்குக் காண்ட்ராக்டர் பொறுப்புன்னு இருக்கு மச்சான்."

"ஆமா, இருக்கு," என்றார் அண்ணன்.

"ஏன் மாமா," என்றேன் நான், "இன்னொரு தாளு எழுதிக்கிட்டு வந்தமே, அது எங்க இருக்கு? யாரு வேணாம்னது?"

"செல்லம், உள்ள போ," என்றார் அண்ணன்.

"எதுக்கு உள்ள போவணும்? ஒனக்குத் தெரியும் எனக்குத் தெரியும்னாரே, இப்ப தெரியுதா இல்லியான்னு கேட்டுச் சொல்லு."

மாமா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். ஓய்வு பெற்ற மனுஷன், இருந்ததையெல்லாம் அந்த வீட்டில் போட்டவர். அவருக்குப் பயம். எனக்கு அது அன்றைக்கே புரிந்தது. பயந்தவனிடம் நியாயம் கிடைக்காது என்பதும் புரிந்தது.

"எழுதுனதுல என் கையெழுத்து இருக்கு," என்றார் அண்ணன். "எழுதாததுல யாரு கையெழுத்தும் இல்ல. நானே சரி பண்ணித் தரேன் மச்சான். ஆனா கல்ல எடுக்கணும்."

மாமா போய் அக்காவைக் கேட்டார். அக்கா முடியாது என்றாள். பையன் அந்தக் கல்லுக்கு மேலேதான் தவழ்ந்தான், நடந்தான், ஒரு காய்ச்சல் கூட வந்ததில்லையாம். அப்புறம் அண்ணன் என்ன செய்வார்? கல்லை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் தோண்டி முட்டுக் கொடுத்தார். பிளவைப் பூசினார். அடுத்த மழைக்கு அது மறுபடியும் திறந்தது. மறுபடியும் பூசினார். கூலி கேட்கவில்லை. யாரும் கொடுக்கவும் இல்லை.

அவர் வாயைத் திறந்து ஊரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் சொன்னேன், பஸ் ஸ்டாண்டிலும் கோயிலிலும் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். "தங்கச்சின்னா அப்படித்தான் பேசும்" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். மாமா சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. அவர் பொய்யும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். கேட்டவர்களிடம் காகிதத்தைக் காட்டினார், அவ்வளவுதான். அதில் இருந்ததெல்லாம் நிஜம்.

வேலைக்குக் கூப்பிட வருவது நின்றுபோனது. கம்போங் ராஜாவிலிருந்து ஆள் வருவது முதலில் நின்றது, பிறகு பக்கத்துத் தெருக்காரன் கூட வேறு ஆளை வைத்தான். அண்ணனின் நாலு ஆட்களும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அவர் கியா பார்மில் ஒரு காய்கறித் தோட்டத்தில் கூடை தூக்கப் போனார். சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றிப் போடுவார். அதில் சிவப்பு மண் இருக்காது. துவைக்கச் சுலபமாகத்தான் இருந்தது.

எண்பத்தைந்தில் சரோஜா அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பிளவு கதவு நிலை வரைக்கும் வந்துவிட்டது, கதவு மூட முடியவில்லை. பேரன் பள்ளிக்கூடம் போகிற வயது. அவன் படுக்கிற பக்கம் அது.

"அண்ணே, கல்ல எடுத்துருங்க," என்றாள். "புள்ள மேல செவரு விழுந்துருமோன்னு பயமா இருக்கு."

அண்ணனுக்கு அப்போது நெஞ்சு சரியில்லை. படியேறினால் மூச்சு வாங்கும். போகாதே என்றேன். கட்டிலுக்கு அடியிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். அங்கே போய் இரண்டு தடவை கூட ஓங்க முடியவில்லை. அவரை ஒரு பலகையில் உட்கார வைத்துவிட்டு வேறு ஆட்கள் தோண்டினார்கள். மாமா சுவருக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றார். அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

கல்லை எடுத்தார்கள். அண்ணன் மண்ணைக் கையால் தடவி மூக்குத்தியை எடுத்து, துடைத்து, அக்காவிடம் கொடுத்தார். பிறகு தோண்டச் சொன்னார். கொட்டிய மண்ணுக்கு அடியில் பழைய புல் வேர் வந்தது, அதற்கும் கீழே மஞ்சள் மண், அதற்கப்புறம் கடப்பாரை 'ணங்' என்றது.

"இதான்," என்றார் அண்ணன். "அன்னிக்கி விட்டிருந்தா அரை நாள் வேல தங்கச்சி."

கோபமாகச் சொல்லவில்லை. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடியிலிருந்து புதிதாகக் கட்டி ஏற்றி, கல்லையும் அதன் இடத்தில் வைத்தார்கள். அக்கா மூக்குத்தியை மறுபடியும் போட்டாள். அந்த வீடு அதற்கப்புறம் அசையவில்லை.

அண்ணன் அடுத்த வருஷம் போய்விட்டார். கூடை தூக்குகிறவராகத்தான் போனார். சாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அவர் போட்ட அஸ்திவாரத்தின் மேல் குடியிருக்கிறவர்கள். ஒருவன் கூட அதைப் பேசவில்லை. நாகரத்தினம் மாமா ஓரமாக நின்றார். தூக்கிப் போகும் நேரத்தில் என் பக்கத்தில் வந்தார்.

"நல்ல மனுசன் செல்லம்."

"அத ஊருல சொல்லியிருக்கலாம் மாமா."

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். இன்றைக்கும் பார்த்தால் பேசிக்கொள்கிறோம். தேத்தண்ணி கொடுத்தால் அவரும் குடிப்பார். அவரை வெறுக்க எனக்கு நேரமில்லை. ஆனால் என் அண்ணன் வாழ்ந்து முடித்திருக்க வேண்டிய விதம் அது இல்லை.

போன வருஷம் என் சமையலறையைப் பின்பக்கம் இழுத்துக் கட்டினோம். அஸ்திவாரம் போட வேலப்பன் என்று ஒரு தம்பி வந்தான். நல்ல பையன், காகிதமும் எழுதிக் கொண்டுவந்தான். வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர.

"எறங்குனா யாரு பொறுப்புன்னு எங்க தம்பி?"

"நல்ல காரியம் ஆரம்பிக்கிறோம்கா. அந்த வார்த்தைய எதுக்கு எழுதிக்கிட்டு?"

"எழுது."

"அக்கா..."

"வீட்டுக்குக் காது கெடையாது தம்பி. எழுது. எம்மேல தப்புன்னா எம்பேரு, ஒம்மேல தப்புன்னா ஒம்பேரு. ரெண்டையும் எழுது."

அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதினான். நான் கையெழுத்துப் போட்டேன், அவனும் போட்டான். அதற்கப்புறம்தான் அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.